நெடுங்கால் ஈக்குக் கால் ஒட்டுகிறவர்

பெட்டியின் கண்ணாடி மூடியைத் தூக்குவதற்கு முன் மூச்சை உள்ளே இழுத்து நிறுத்திக்கொள்கிறார். மூடி பத்திரமாக மேசைக்கு வந்து சேரும்வரை விடுவதில்லை. பிறகு முகத்தைத் தோள் பக்கம் திருப்பி, சுவரைப் பார்த்து விடுகிறார். ஒரு நாளைக்கு இருபது பெட்டி என்றால் இருபது தடவை இந்தக் கூத்து. பக்கத்தில் நின்ற நான் ஆச்சரியத்தில் "ஓ" என்று வாயைத் திறந்துவிட்டேன். உள்ளே ஏதோ ஒரு கால் நடுங்கியது. அவர் பார்த்த பார்வையில், தூங்குகிற கைக்குழந்தையின் முகத்தில் இருமிவிட்டவன் மாதிரி கூனிக்குறுகிப் போனேன்.

"பேசணும்னா அந்தப் பக்கம் திரும்பிப் பேசுங்க சார். இதுங்களுக்குப் பேச்சும் காத்துதான்."

அருங்காட்சியகத்தின் பின்கட்டில், டிக்கெட் வாங்கி வருகிறவர்கள் கண்ணில் படாத நீள அறை. இரும்பு அலமாரிகள், அந்துருண்டை வாசனை, மின்விசிறி மாட்ட வேண்டிய இடத்தில் வெறும் கொக்கி. சம்பளப் பட்டியலில் இவர் 'பராமரிப்பு உதவியாளர்'. கட்டடம் முழுக்கக் 'கால் வைத்தியர்' என்று கேட்டால்தான் வழி சொல்வார்கள். ஊசியில் குத்தி வைத்திருக்கும் செத்த நெடுங்கால் ஈக்களின் உதிர்ந்த கால்களை எடுத்து ஒட்டுவது இவருடைய தொழில். இப்படி ஒரு தொழில் இருக்கிறது என்பதே எனக்கு முதல் அதிர்ச்சி.

நெடுங்கால் ஈ யாரென்று உங்களுக்குத் தெரியும். மழைக்குப் பிறகு குளியலறைச் சுவரில் வந்து உட்காருமே, குச்சி குச்சியாகக் காலை விரித்துக்கொண்டு, 'எவ்வளவு பெரிய கொசு' என்று அலறிச் செருப்பை எடுப்போமே, அதுதான். நானும் எடுத்திருக்கிறேன். கொசுவுக்கும் இதற்கும் தூரத்துச் சொந்தம் மட்டுமே. கடிக்காது. வாழ்க்கையின் பெரும்பகுதியை ஈர மண்ணிலும் பாசியிலும் புழுவாகக் கழித்துவிட்டு, சிறகு முளைத்த பிறகு சில நாள்தான் உயிரோடு இருக்கும். இதைச் சொல்லிவிட்டு, "எத்தனை அடிச்சிருப்பீங்க?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்குச் சுருக்கென்றது.

காலை யாராவது பிடித்தால் காலைக் கழற்றிக் கொடுத்துவிட்டு உடம்பு தப்பிவிடுமாம். "செத்தும் அந்தப் புத்தி போகல சார். ஊசியில குத்தி வெச்சாலும், லேசா இடிச்சா கழட்டிக் குடுத்துடும். யாருக்குக் குடுக்குதுன்னுதான் தெரியல."

உலகத்தில் பதினைந்தாயிரம் வகைக்கு மேல் இருக்கின்றனவாம். எது எது என்று பிரிப்பது லேசுப்பட்ட காரியமில்லை. "ஆம்பளைன்னா வால் நுனி காட்டிக் குடுத்துடும். ஒவ்வொரு இனத்துக்கும் ஒவ்வொரு மாதிரி, பூட்டுக்குச் சாவி மாதிரி. பொம்பளை மட்டும் கிடைச்சா கஷ்டம். கால் நிறம், றெக்கை நரம்புன்னு ஒவ்வொண்ணா கெஞ்சணும்."

முழுக்கை சட்டை போடமாட்டார், கைமடிப்பு ஈயின் காலில் மாட்டும் என்று. வேலைக்கு வரும் நாளில் மிளகு சேர்த்த எதையும் தொடமாட்டார், தும்மல் வரும் என்று. பேருந்துக்கு நிற்கிறவர்களைத் தலையாக எண்ணாமல் காலாக எண்ணிவிட்டு இரண்டால் வகுப்பார். கைகுலுக்க நீட்டினால் விரல் நுனியைக் கொஞ்சம் தொட்டுவிட்டு எடுத்துக்கொள்வார். கழன்றுவிடுமோ என்று பயந்தாரோ என்னவோ.

இவரைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும் இவருடைய மனைவி தொலைபேசியில் சொன்னது: "கட்டில் கால் ஆடுதுன்னு ஆறு மாசமா சொல்றேன். ஊரு உலகத்து ஈக்கெல்லாம் கால் வைக்கிறாரு. நாங்க கீழே செங்கல்லை வெச்சுப் படுத்திருக்கோம். அதையும் எழுதுங்க." எழுதிவிட்டேன் அம்மா.

தொழிலில் ஒரே ஒரு சட்டம் வைத்திருக்கிறார். கால் விழுவதைக் கண்ணால் பார்த்திருந்தால் மட்டுமே ஒட்டலாம். எதிலிருந்து விழுந்தது என்று தெரியாத காலைச் சின்னக் குப்பியில் போட்டு அப்படியே விட்டுவிட வேண்டும். "தெரியாத காலை ஒட்டறது பொய்ச்சாட்சி சொல்ற மாதிரி சார். இருபத்தேழு வருஷத்துல ஒரு கால் மாறினதில்ல." இதைச் சொல்லும்போது மட்டும் குரல் ஒரு படி ஏறியது. அதை நான் குறிப்பேட்டில் அடிக்கோடிட்டு எழுதிக்கொண்டேன். தலைப்பே அதுதான் என்று நினைத்தேன்.

அன்று காலை பதினொரு மணிக்கு அதே கட்டடத்தில் வேலை செய்யும் பூச்சி ஆய்வாளர் வந்தார். நாற்பது வயதுப் பெண்மணி, மலையேறும் செருப்பு, அதில் காய்ந்த சேறு. கையில் ஒரு வரைபடம். அந்த வரைபடம் முழுவதற்கும் ஒரே ஒரு சிவப்புப் புள்ளி. ஊற்று கசிகிற ஒரு பாறை, அதன்மேல் பாசி, அந்தப் பாசியில் வாழும் 'வெண்பட்டை' என்ற நெடுங்கால் ஈ. உலகத்திலேயே வேறெங்கும் இல்லை. கிடைத்ததும் ஒன்றே ஒன்று, அதுவும் பெண். பின்னங்காலில் வெள்ளைப் பட்டை இருந்ததால் ஒரு மூத்த பேராசிரியர் அந்தப் பெயரை வைத்து, சில வருடங்களில் இறந்தும்போனார். அதற்குப் பிறகு அதைப் பார்த்தவர் யாருமில்லை.

"பதினோரு வருஷம் அண்ணா," என்றார் ஆய்வாளர். "வருஷத்துக்கு ரெண்டு தடவை போய் அந்தப் பாறையில உட்கார்ந்திருக்கேன். அங்க வேற ஒண்ணு கொத்துக் கொத்தா பறக்குது, எல்லாம் வெறும் கறுப்புக் கால். வெள்ளைப் பட்டை ஒண்ணுகூட இல்ல. இன்னிக்கு மூணு மணிக்குள்ள அழிஞ்சுபோச்சுன்னு எழுதி அனுப்பணும்."

அப்படி எழுதிவிட்டால் அந்தப் பாறையைச் சுற்றிய வேலி போய்விடும். அந்த வழியாகக் குழாய் பதிக்கக் குடிநீர்த் துறைக்காரர்கள் ஏற்கெனவே துளைபோடும் இயந்திரத்தைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். கடைசியாக ஒரு காரியம் மட்டும் பாக்கி. அந்த ஒற்றை ஈயின் ஒரு காலை எடுத்து மரபணுச் சோதனைக்குப் பத்திரப்படுத்த வேண்டும். "பின்னங்காலே இருக்கட்டும், அதான் தடியா இருக்கும்," என்று சொல்லிவிட்டு, யாரோ கூப்பிட, தொலைபேசியோடு வெளி வராந்தாவுக்குப் போனார்.

வைத்தியர் பூட்டிய அலமாரியைத் திறந்து அந்தப் பெட்டியை எடுத்துவந்தார். ஓர் இனத்துக்குப் பெயர் வைத்தபோது எந்த உடம்பைப் பார்த்து வைத்தார்களோ, அந்த உடம்புதான் உலகத்துக்கு அத்தாட்சி. இனி யார் சந்தேகப்பட்டாலும் இதன் முன்னால்தான் வந்து நிற்க வேண்டும். என் சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. வாலைப் பூச்சி அரித்திருந்தது. ஒரே ஒரு பின்னங்கால், அதில் பால் வெள்ளையில் ஒரு பட்டை. இனி இல்லாத ஓர் உயிரை முதலும் கடைசியுமாகப் பார்க்கிறேன் என்று இன்னும் கிட்டே குனிந்தேன்.

"ஈரம் பட்டா மூட்டு இளகும். அப்புறம் ஊசியால கொஞ்சம் கொஞ்சமா பிரிக்கணும். பத்து நிமிஷம் ஆகும், பொறுமையா பாருங்க," என்றபடி, தண்ணீரில் தொட்ட ஒற்றை மயிர்த் தூரிகையை மூட்டில் வைத்தார்.

பத்து நொடிகூட ஆகவில்லை. கால் தானாக வழுக்கி, கீழே விரித்திருந்த வெள்ளைத்தாளில் விழுந்தது.

நான் ஏதோ அவருடைய கைத்திறமை என்று நினைத்துக்கொண்டேன். நிமிர்ந்து பார்த்தால் அவர் முகத்தில் ஈயாடவில்லை. உருப்பெருக்கியை இழுத்து, காலின் முனையைப் பார்த்தார். இன்னொரு தடவை பார்த்தார். "இது பொறந்த கால் இல்ல சார். ஒட்டின கால்."

"யார் ஒட்டினது?"

"இது என் பசை."

வேலையில் சேர்ந்த மூன்றாவது மாதமாம். பழைய கட்டடத்திலிருந்து பெட்டிகளைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தார்கள். ஒரு பெட்டியைத் திறந்தால் அடியில் ஒரு கால் கிடந்தது, மேலே ஓர் ஈக்குப் பின்னங்கால் இரண்டும் இல்லை. இவர் ஆர்வக்கோளாறில் எடுத்து ஒட்டிவிட்டார். அழகாக ஒட்டியிருக்கிறாய் என்று மேலதிகாரி முதுகில் தட்டியும் கொடுத்தார். அதே பெட்டியில் பக்கத்து ஊசியில் இருந்த ஈக்குக் கால்கள் சரியாக இருக்கின்றனவா என்று யாருமே பார்க்கவில்லை. பேராசிரியர் வந்து அந்த ஈக்குப் பெயர் வைத்தது அதற்கு இரண்டு வருடம் கழித்து.

சொல்லிக்கொண்டே போய் இன்னொரு அலமாரியிலிருந்து ஒரு பெட்டியைத் தூக்கிவந்தார். இந்தத் தடவை மூச்சை நிறுத்தவில்லை. அன்று பக்கத்து ஊசியில் இருந்த ஈ, சமவெளிக் குளங்களில் சாதாரணமாகத் திரிகிற வேறோர் இனம். ஐந்து கால். இருந்த ஒற்றைப் பின்னங்காலில், அதே இடத்தில், அதே பால் வெள்ளைப் பட்டை. அப்படியென்றால் வெண்பட்டை என்று ஓர் ஈ பிறக்கவே இல்லை. அதைத் தேடித்தான் ஒரு பெண் பதினோரு வருடம் பாறையில் உட்கார்ந்திருந்தாள்.

வராந்தாவில் ஆய்வாளர் பேசும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நாங்கள் இரண்டு பேர், ஒரு கால், ஒரு பசைக் குப்பி. அப்போது நான் சொன்னதை மறைக்க விரும்பவில்லை. "மறுபடியும் ஒட்டிடுங்களேன்," என்று கிசுகிசுத்தேன். இருபத்தேழு வருடப் பெயர் இந்த மேசையிலேயே போய்விடக் கூடாது என்று அவருக்காகப் பதறித்தான் சொன்னேன். சொன்ன பிறகு என்னை நினைத்து எனக்கே திகைப்பாக இருந்தது.

"ஒட்டலாம். நல்லாவே ஒட்டுவேன்," என்றார். பசைக் குப்பியைத் தள்ளி வைத்தார். பிறகு எழுந்து கதவுவரை போய், "மேடம், போனை வெச்சுட்டு வாங்க," என்றார்.

ஆய்வாளரிடம் நின்றபடியே சொன்னார். சுற்றி வளைக்கவில்லை. "அந்தக் கால் அதோடது இல்ல. நான் ஒட்டினது. மூணாவது மாசம், விவரம் பத்தாம ஒட்டிட்டேன்."

அவர் முதலில் சிரித்தார், வேடிக்கைப் பேச்சு என்று நினைத்துக்கொண்டு. யாரும் கூடச் சிரிக்காததால் நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார். வைத்தியர் தலையைக் குனிந்துகொண்டு திட்டுக்குக் காத்திருந்தார். நானும் காத்திருந்தேன். திட்டவில்லை. ஆய்வாளருடைய கண் மேசையில் இருந்த ஈயையே, வெள்ளைப் பட்டை போன பிறகு மிச்சமிருந்த கறுப்புக் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தது.

திடுமென்று எழுந்து தன் அறைக்கு ஓடினார். திரும்பி வந்தபோது கையில் ஒரு பெட்டி. மூடியில் அவர் கையெழுத்திலேயே 'இது அல்ல' என்று ஒட்டியிருந்தது. உள்ளே நானூற்றுப் பன்னிரண்டு நெடுங்கால் ஈக்கள், அதே பாறையில், அதே பாசியில் பிடித்தவை, எல்லாம் வெறும் கறுப்புக் கால். பதினோரு வருடமாக வேறு ஏதோ என்று ஒதுக்கி வைத்தவை. வைத்தியர் ஒரு பெண் ஈயை எடுத்து அந்த அத்தாட்சி ஈயின் பக்கத்தில் குத்தினார். இரண்டு பேரும் மாறி மாறி உருப்பெருக்கியில் குனிந்தார்கள். சிறகு நரம்பு ஒவ்வொன்றாகப் பொருந்தியது.

"நரம்பு ஒத்துப்போகுதேன்னு ரெண்டு தடவை நினைச்சேன் அண்ணா," என்றார் அவர். "கால் தான் இல்லைன்னு சொல்லிடுச்சு." கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதையைப் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறேன். அந்த வெண்ணெய்க்கு நானூற்றுப் பன்னிரண்டு ஊசி குத்தியிருந்ததைப் பார்த்தது அன்றுதான். எனக்குச் சந்தோஷப்படுவதா அழுவதா என்று தெரியவில்லை.

மூன்று மணிக்குப் போக வேண்டிய கடிதம் போகவில்லை. பாறையில் யாரும் கைவைக்கக் கூடாது, உயிரோடு இருக்கிறது, நிறைய இருக்கிறது என்று வேறொரு கடிதம் போனது. பெயர் என்னவாகும் என்று கேட்டேன். வைத்த பெயர் வைத்ததுதானாம், தப்பான காரணத்துக்கு வைத்திருந்தாலும் மாற்ற விதியில் இடமில்லையாம். காலில் பட்டையே இல்லாத அந்த ஈ உலகம் உள்ளவரை வெண்பட்டைதான்.

வைத்தியர் விழுந்த காலை அந்த ஐந்து கால் ஈக்கு ஒட்டப்போகிறார் என்றுதான் எதிர்பார்த்தேன். ஒட்டவில்லை. குப்பிக்குள் விட்டு மூடினார். பிறகு அரிசி அகலத்துக்கு ஒரு வெள்ளைத்தாளை நறுக்கி, மெல்லிய முள்பேனாவை எடுத்தார். அத்தாட்சி ஈயின் ஊசியில் ஏற்கெனவே இரண்டு சீட்டு இருந்தன, பிடித்தவர் பெயரும் பெயரிட்ட பேராசிரியரின் பெயரும். பழையதை எடுப்பது கிடையாது, புதியதை அடியில் சேர்ப்பதுதான் வழக்கம்.

"பேர் எல்லாம் வேண்டாம் அண்ணா," என்றார் ஆய்வாளர். "கால் வேறு இனத்தது, அப்படின்னு மட்டும் போட்டா போதும். யார் கேட்கப்போறாங்க."

வைத்தியர் மறுப்பாகத் தலையாட்டினார். 'பின்னங்கால் இதனுடையது அல்ல. தவறாக ஒட்டியவர்' என்று எழுதி, அதற்குக் கீழே தன் பெயரை முதலெழுத்தோடு முழுசாக எழுதினார். மை காயும்வரை பொறுத்திருந்து, ஊசியில் ஏற்றினார். பிறகு உருப்பெருக்கியை மெதுவாக ஆய்வாளர் பக்கம் திருப்பி வைத்தார்.

"படிக்க முடியுதா பாருங்க மேடம்."