பத்தொன்பதாவது தலை

கல்லூரிப் பேருந்தை ஓட்டுபவருக்குக் ‘கணக்கு அண்ணன்’ என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் அவருடைய அடையாள அட்டையில் மட்டும்தான் இருக்கிறது. தலையை எண்ணாமல் வண்டியை எடுக்கமாட்டார். அதனால் வந்த பெயர். மழை கொட்டினாலும் சரி, முதல்வரே உள்ளே உட்கார்ந்து அவசரப்படுத்தினாலும் சரி, தலைக்கு மேலிருக்கும் கண்ணாடியில் வரிசை வரிசையாக எண்ணி முடித்த பிறகுதான் சாவியைத் திருப்புவார்.

“அண்ணே, நாங்க என்ன ஆட்டுக்குட்டியா?” என்று பையன்கள் கேலி செய்வார்கள்.

“ஆட்டுக்குட்டின்னா ஒண்ணு குறைஞ்சா மத்தது கத்தும். நீங்க எங்கடா கத்தப் போறீங்க?” என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார். கேட்பவர்களுக்குத்தான் ஏனோ சிரிப்பு வராது.

பதினோரு வருடங்களுக்கு முன்வரை அவருக்கு இந்தப் பழக்கம் கிடையாது. அன்று கால்பந்து அணி ஆறு கோல் வாங்கிக்கொண்டு திரும்பியது. வழியில் ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்தினார்கள். முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு இறங்கினார்கள், அப்படியே ஏறினார்கள். “எல்லாரும் வந்தாச்சு, எடுங்க” என்று அப்போதைய கோச் சொன்னார். இவரும் எடுத்துவிட்டார். இரண்டாவது கோல்கீப்பர் மட்டும் பங்கின் கழிப்பறையில் இருந்தான். வருடம் முழுக்க பெஞ்சைத் தேய்த்தவன், ஒரு ஆட்டம்கூட ஆடக் கொடுத்துவைக்காதவன். அவன் இல்லாதது யாருக்கும் உறைக்கவில்லை.

வண்டி சாலையில் ஏறியதும், வெளியே இருக்கும் கண்ணாடியில் ஒருவன் கையை ஆட்டிக்கொண்டு ஓடிவருவது தெரிந்தது. எவனோ ஓசியில் ஏற ஓடிவருகிறான் என்று நினைத்து இவர் வேகத்தைக் கூட்டினார். பின்னால் வந்த லாரிக்காரர் அவனைக் கவனிக்கவில்லை.

விசாரணையில், “கண்ணாடியில பாத்தீங்களா?” என்று கேட்டார்கள். “பாக்கலைங்க” என்றார். பையனுடைய அப்பா இவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அதையே கேட்டார். அவரிடமும் அதைத்தான் சொன்னார். வேலை தப்பியது. மனைவியிடம் சொல்லிவிடலாம் என்று எத்தனையோ நாள் வாயெடுத்தார். ஒவ்வொரு தடவையும் சோற்றோடு சேர்த்து விழுங்கிவிட்டார். பாவி மனுஷன், பதினோரு வருடம் விழுங்கினார்.

இந்த வருடம்தான் அந்த அணி ஜெயிக்க ஆரம்பித்தது. ஜெயிக்கும் என்று கனவிலும் யாரும் நினைக்காத அணி. எதிர்த்து ஆட வருகிறவர்கள் ஷூவின் கயிற்றைக்கூட நிதானமாகக் கட்டுவார்கள். வெளியூரில் முதல் ஆட்டம், இரண்டுக்குப் பூஜ்யம். பையன்கள் சீட்டைத் தட்டிப் பாடிக்கொண்டிருக்க, இவர் கண்ணாடியைப் பார்த்து எண்ணினார். வீரர்கள் பதினேழு, கோச் ஒன்று. பதினெட்டு வரவேண்டும்.

பத்தொன்பது வந்தது.

மறுபடி எண்ணினார். அதே பத்தொன்பது. எழுந்து நின்று, திரும்பி, விரலை நீட்டி எண்ணினார். பதினெட்டு. உட்கார்ந்து கண்ணாடியைப் பார்த்தால், கடைசி சீட்டின் ஜன்னலோரம் ஒரு தலை கூடுதலாக இருந்தது. குனிந்த தலை. ஓடிக் களைத்தவனுக்கு ஏறி இறங்குவதுபோல் தோள் மட்டும் ஏறி இறங்கியது.

“என்னண்ணே, கணக்கு இடிக்குதா?” என்றார் கோச்.

“இல்ல சார். சரியாத்தான் இருக்கு.”

வண்டியை எடுத்தார். ஸ்டியரிங் கையில் வழுக்கியது. மூடிக்கிடக்கும் அந்தப் பழைய பங்கைத் தாண்டும்போது மேலே பார்த்தார். பதினெட்டு. அப்பாடா என்று மூச்சுவிட்டு வெளிக் கண்ணாடிக்குக் கண்ணைத் திருப்பினால், சாலையில் ஒருவன் கையை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தான். இவருடைய கால் தன்னால் ஆக்ஸிலரேட்டரை மிதித்தது.

அணி அடுத்ததையும் ஜெயித்தது, அதற்கடுத்ததையும் ஜெயித்தது. கல்லூரியே தலைகால் புரியாமல் ஆடியது. கோல்கீப்பர் பையன் மட்டும் ஒருநாள் ஓட்டுநர் சீட்டுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

“அண்ணே, யார்கிட்டயும் சொல்லாதீங்க. இன்னைக்கு நான் ரெண்டு பந்தை விட்டுட்டேன். கோட்டைத் தாண்டப் போற பந்து, எதுலயோ பட்டுத் திரும்பி வருது. போஸ்ட்ல படல. எனக்குப் பின்னாடி யாரோ நிக்கிறாங்கண்ணே. மூச்சு வாங்குறது கேக்குது.”

“வெயில்ல நின்னா அப்படித்தான் இருக்கும்” என்றார் இவர்.

வெளியூர் ஆட்டம் ஆறு முடிந்தது. ஆறு தடவையும் திரும்பும்போது பத்தொன்பது. ஆறு தடவையும் பங்கு தாண்டியதும் பதினெட்டு. ஆறு தடவையும் அவன் ஓடிவந்தான், இவர் மிதித்தார். வீட்டில் மனைவி தட்டை வைத்துவிட்டு எதிரிலேயே உட்கார்ந்தாள்.

“உங்க காலேஜ் ஜெயிச்சிருக்குன்னு ஊரே கொண்டாடுது. நீங்க ஏன் எழவு விழுந்த மாதிரி இருக்கீங்க?”

“அடுத்த மாசம் ரிட்டயர் ஆகப் போறேன்ல. அதான்.”

அதுவும் பாதி உண்மைதான். இறுதி ஆட்டம்தான் இவருடைய கடைசி ஓட்டம். அதற்குப் பிறகு அந்தச் சாலையில் இந்த வண்டியை வேறொருவர் ஓட்டுவார். அவருக்கு ஓடிவருகிறவன் யாரென்று தெரியாது. தெரிந்த ஒரே ஆளும் நிற்காமல் போய்விட்டால், அவன் ஓடிக்கொண்டேதான் இருக்கவேண்டும்.

இறுதி ஆட்டத்தில் ஒன்றுக்குப் பூஜ்யம் என்று கோப்பையை வாங்கினார்கள். கோப்பையை வைக்க இடமில்லாமல் கடைசி சீட்டின் ஜன்னலோரம் வைத்தார்கள். கண்ணாடியில், குனிந்த தலை அதற்குப் பக்கத்தில் ஒடுங்கி நின்றுகொண்டிருந்தது. பத்தொன்பது. வண்டி கிளம்பியது. மாலை வெயில் மங்கும் நேரம். பங்கு வந்தது, தாண்டியது. பதினெட்டு.

வெளிக் கண்ணாடியில் அவன் ஓடிவந்தான்.

இவர் பிரேக்கை மிதித்தார். பாட்டு நின்றது. கோச் எழுந்து வந்தார்.

“என்னண்ணே? டயரா?”

“ஒரு ஆள் குறையுது சார்.”

“எல்லாரும் இருக்காங்கண்ணே. எடுங்க.”

பதினோரு வருடங்களுக்கு முன் கேட்ட அதே பேச்சு. ஆனால் கால் பிரேக்கைவிட்டு நகரவில்லை.

“இந்த இடத்துல ஒரு பையனை விட்டுட்டுப் போயிட்டேன் சார். நம்ம காலேஜ் பையன், கோல்கீப்பர். பாக்கலன்னு சொன்னேன். பொய். நான் பாத்தேன். கண்ணாடியில பாத்தேன். கையை ஆட்டி ஆட்டி ஓடி வந்தான். பாத்துக்கிட்டேதான் மிதிச்சேன்.”

வாய்விட்டு அழுதார். இவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பொத்தானை அழுத்தினார், கதவு திறந்தது. வெளியே சாலை காலியாக இருந்தது. ஆனால் தார்மேல் காலடிச் சத்தம் வந்துகொண்டிருந்தது, எல்லாருக்கும் கேட்கும்படி. கிட்டே வந்தது. படியருகே நின்றது. பிறகு, கனமான ஆள் ஏறும்போது அமுங்குவதுபோல வண்டி அந்தப் பக்கமாக லேசாக அமுங்கியது.

கோச் சீட்டைப் பிடித்துக்கொண்டு வழிவிட்டு ஒதுங்கினார். கோல்கீப்பர் பையன் மெதுவாக எழுந்து பின்னால் போனான். ஜன்னலோரத்திலிருந்து கோப்பையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, அந்த இடத்தைக் காலியாக விட்டு, பக்கத்தில் உட்கார்ந்தான்.