பங்குக்கு வந்த பிரேம்

ராஜபாளையம் பட்டறையில் யாருடைய வண்டிக்கோ கிரைண்டர் ஓடியது. இரும்பு கருகும் அந்த வாடை என்னை ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டுக் கொல்லைக்கு இழுத்துப் போனது.

எண்பதுகளில் பாகம் பிரித்தபோது தாத்தாவின் புல்லட்டைக்கூட விடவில்லை. வண்டிச் சட்டமான பிரேம் அப்பாவுக்கு, இன்ஜின் சித்தப்பாவுக்கு. சித்தப்பா அதைக் கொல்லை நடுவே புதிதாக எழுப்பிய சுவருக்கு அந்தப் பக்கம் சாக்குப் போட்டு மூடிவைத்தார். அப்பா ஒரு ராஜ்தூத் இன்ஜினை வாங்கிவந்து புல்லட் பிரேமில் மாட்ட மல்லுக்கட்டினார். ஒரு போல்ட் ஓட்டை சேர்ந்தால் இன்னொன்று விலகும். செயின் கோணிக்கொண்டு நிற்கும். ஆள் கூட்டிவந்து பிரேமை அறுத்தார், பற்றவைத்தார், மறுபடி அறுத்தார். எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் அந்தப் பாழாய்ப்போன பிரேமோடு போயின.

"பொருந்துறது சுவருக்கு அங்கிட்டுக் கெடக்கு. ஒரு வார்த்தை கேட்டா என்ன?" என்பாள் அம்மா.

"அவன்கிட்டப் போயி நிக்கவா? இதே உக்காரும், பாரு."

கடைசிவரை உட்காரவில்லை.

இப்போது பட்டறையில் அதே பிரேமையும் நான் வாங்கிய வேறொரு இன்ஜினையும் மெக்கானிக் மாறிமாறிப் பார்த்தார். "எம்புட்டு வெட்டு! இதோட சொந்த இன்ஜின் இருந்தா பழைய எடத்துலயே உக்கார வச்சிரலாம் சார்."

அது சித்தப்பா மகன் வீட்டில் இன்னும் கிடக்கிறது.

"அது வேண்டாம். நீங்க அறுங்க" என்றேன்.