தகடு விழுங்கிய மரம்

என் மேஜை இழுப்பறையில் ஒரு துத்தநாகத் தகடு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கிடந்தது. தீப்பெட்டி அளவுதான். ஒரு முனை வளைந்திருக்கும். ஆணியால் புள்ளி புள்ளியாக அடித்த ஓர் எண், பக்கத்தில் ஒரு கோடு, கோட்டுக்கு அப்பால் இரண்டு. இது என்ன என்று என் மனைவி ஒருமுறை கேட்டாள். பழைய ஆபீஸ் சாமான் என்றேன். அவளிடம் நான் சொன்ன பொய்களில் அது ஒன்றுதான் அவள் இறந்த பிறகும் வீட்டில் இருந்தது.

நான் வேலை பார்த்தது புனேயில், வெள்ளைக்காரர் காலத்துத் தாவரத் தோட்டம் ஒன்றில். அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட தோட்டங்கள் ஒன்றுக்கொன்று மருந்துச் செடிகளைக் கொடுத்து வாங்கிக்கொண்டன. கண்ணாடி மூடிய மரப்பெட்டிகளில் கன்றுகளும், கரித்தூள் நிரப்பிய தகர டப்பாக்களில் விதைகளும் கப்பலேறிப் போயின, வந்தன. ஒரு தோட்டத்தில் மரம் பட்டுப்போனால், முன்பு அங்கிருந்து விதை வாங்கிய தோட்டம் திருப்பி அனுப்பும். கேட்கிறவர்கள் தங்கள் மரம் எப்படிப் போனது என்று கடிதத்தில் எழுத வேண்டும். அதுதான் வழக்கம். வெள்ளைக்காரர் போன பிறகும் அது இளைத்துப்போய்த் தொடர்ந்தது. நான் துணைக் கண்காணிப்பாளராக இருந்த நாட்களில் வருடத்துக்கு நாலைந்து கடிதங்கள் வரும்.

வந்த செடி ஒவ்வொன்றுக்கும் பேரேட்டில் ஓர் எண் உண்டு. அதைத் தகட்டில் அடித்து மரத்தில் அறைவார்கள். ஆண்டுக் கணக்கெடுப்பில் நாங்கள் மரங்களை எண்ணுவதில்லை, தகடுகளைத்தான் எண்ணுவோம். தகடு இருந்தால் மரம் இருக்கிறது. தகடு இல்லையென்றால் அது பறவை போட்ட விதையில் தானாக முளைத்தது. தகடுள்ள மரத்தை வெட்ட மேலிடத்து உத்தரவு வேண்டும். இல்லாததை வெட்ட என் கையெழுத்து போதும்.

தோட்டத்தின் ஒரு மூலையில் சால்முக்ரா மரம் ஒன்று நின்றது, இன்றும் நிற்கிறது. பர்மாக் காட்டு மரம், கல்கத்தா வழியாகக் கன்றாக வந்தது. நம் நீரடிமுத்துக்கு அண்ணன் முறை என்று சொல்லலாம். அதன் விதையெண்ணெய்தான் ஒரு காலத்தில் தொழுநோய்க்காரர்களுக்கு இருந்த நம்பிக்கை. விளாங்காய் போலக் காய்க்கும். பதினைந்தடி தள்ளி அதே இலையோடு இன்னொரு மரம் இருந்தது. அது பூக்கும், காய்க்காது. அதில் தகடும் இல்லை.

அந்த மூலையைப் பார்த்துக்கொண்டவர் ஒரு தமிழர். வேலூர்ப் பக்கம். புனேயிலேயே ஏரவாடாவில் வீடு. மாலி, அதாவது தோட்டக்காரர், என்றே எல்லோரும் கூப்பிட்டோம். என்னைவிட ஆறேழு வயது மூத்தவர், நான் அவரை நீ என்றுதான் சொன்னேன். வெளியூர்த் தோட்டங்களுக்கு விதை கட்டுவது அவர் வேலை. கரித்தூளை விரலிடுக்கில் உரசிப் பார்த்து, ஈரம் சரியாக இருக்கிறதா என்று சொல்லிவிடுவார். சால்முக்ரா விதையை மட்டும் வேறு யாரையும் தொட விடமாட்டார். அவருடைய அப்பாவுக்கு அந்த நோய் இருந்தது. அவர்கள் ஊரைவிட்டு வந்ததே அதனால்தான். அந்த மனிதர் விரல்கள் போன கையால் மகனுக்குச் சோறு பிசைந்து போட்டதை மாலி ஒருமுறை என்னிடம் சொல்லியிருக்கிறார்.

புதுக் கண்ணாடி வீடு கட்ட இடம் தேவைப்பட்டது. தகடில்லாத அந்த மரத்தில் நான் சுண்ணாம்புக் குறி போட்டேன். மாலி வந்து நின்றார்.

"அது ரெண்டும் ஜோடி சாப். ஒண்ண விட்டு ஒண்ணு காய்க்காது."

"மரத்துக்குக் கல்யாணம் பண்ணிவெச்சது யாரு, நீயா?"

"நான் எங்க சாப் பண்ணிவெக்கிறது. வெள்ளக்காரன் பண்ணிவெச்சிட்டுப் போய்ட்டான்."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பேரேட்டைப் புரட்டிப் பார்க்க எனக்குப் பத்து நிமிடம் ஆகியிருக்கும். நான் பார்த்தது கணக்கெடுப்புப் பட்டியலை. அதில் அந்த இடத்தில் ஒரு தகடு என்றுதான் இருந்தது. மாலி மறுநாள் தங்கை கல்யாணத்துக்கு ஊருக்குப் போனார். அவர் இல்லாத வாரத்தில் ஆட்களை வரச்சொன்னேன். அது தற்செயல் என்று பல வருடங்கள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இருவர் இழுக்கும் ரம்பம். முக்கால் அடி உள்ளே போனதும் கிறீச்சென்று ஒரு சத்தம். ரம்பத்தின் பல் உடைந்தது. மரம் விழுந்த பிறகு, வெட்டுவாயில் பாதி தெரிந்த தகட்டை ஆணியோடு நோண்டி எடுத்து என் கையில் கொடுத்தார்கள். எப்போதோ அறைந்த தகடு. பட்டை வளர்ந்து மூடி, அதன்மேல் கட்டை வளர்ந்து, மரம் தன் எண்ணை விழுங்கிவிட்டிருந்தது. இன்றும் பேருந்து பிரேக் போடும்போது அந்தச் சத்தம் கேட்டு நான் கண்ணை மூடிக்கொள்கிறேன்.

அன்று மாலையே பேரேட்டைப் பார்த்தேன். கன்றுகள் இரண்டு, ஒரே எண், கோடு போட்டு ஒன்று, இரண்டு என்று மையில் எழுதியிருந்தது. ஓரத்தில், பிற்காலத்து யாரோ ஒருவரின் பென்சில் எழுத்து: முதல் பூ வந்தது, ஒன்று ஆண், இரண்டையும் காக்கவும். ஆண் பூ ஒரு மரத்திலும் பெண் பூ வேறொரு மரத்திலும் பூக்கிற இனம் அது. கல்லூரியில் நான் படித்ததுதான். தகட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். பேரேட்டை மூடி அலமாரியில் வைத்தேன்.

முன்பே பிடித்திருந்த காய்கள் அந்த ஆண்டு பழுத்தன. அடுத்த ஆண்டு பூத்ததோடு சரி. அதற்கடுத்த ஆண்டும் அப்படியே. அப்போதுதான் இந்தியப் பெருங்கடல் தீவு ஒன்றின் தோட்டத்திலிருந்து கடிதம் வந்தது. வெகுகாலம் முன்பு நம்மிடமிருந்து போன விதையில் வளர்ந்த மரங்கள் அவர்களிடம் இருந்தன. புயலில் சாய்ந்துவிட்டன. இருபது விதை அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தார்கள். தலைமைக் கண்காணிப்பாளர் என்னைக் கூப்பிட்டு, மரம் ஏன் காய்க்கவில்லை என்று எழுதித் தரச் சொன்னார்.

மரம் வெட்டிய அதே ஆண்டு, மாலி அந்த மூலையில் கரையான் மருந்து போட்டிருந்தார். எல்லா மரத்துக்கும் போட்டதுதான். அதை எடுத்துக்கொண்டேன். பராமரிப்புப் பணியாளர் மருந்தை அளவுக்கு மீறி இட்டதால் வேர் பாதிக்கப்பட்டு மரம் காய்ப்பை இழந்தது என்று எழுதிக் கையெழுத்திட்டேன். நல்ல ஆங்கிலம். இன்றும் வரி பிசகாமல் சொல்வேன்.

மாலி என் அறைக்கு வந்தார். செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்து நின்றார்.

"ஜோடி போனதால இல்லியா சாப்?"

"படிச்சது நானா, நீயா?"

"நீங்கதான் சாப்."

"மருந்து ஜாஸ்தியாயிடுச்சு. வேர் செத்துப்போச்சு. மரத்துக்கு ஜோடியெல்லாம் கெடயாது."

அவர் தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். அவருக்குத் தெரிந்திருந்த உண்மையை, அது உண்மை என்று தெரிந்துகொண்டே, என் படிப்பை வைத்து அவரிடமிருந்து பிடுங்கினேன். நான் செய்தது அதுதான்.

அவரை நாற்றங்காலிலிருந்து எடுத்து வாசல் பக்கம் கூட்டுகிற வேலைக்குப் போட்டார்கள். விதை கட்டுவதை வேறொருவர் செய்தார். அடுத்த பங்குனியில் மரம் பூத்தபோது, மாலி வேலை முடிந்து ஒரு டிஸ்டெம்பர் பக்கெட்டில் தண்ணீர் சுமந்து வந்து மரத்தடியில் ஊற்றினார். பிறகு இன்னொன்று. பிறகு இன்னொன்று. விஷத்தைக் கழுவுகிறாராம். பூ இருக்கும் வரை ஒவ்வொரு நாளும் செய்தார். ஓய்வுபெற்ற பிறகும் பங்குனியானால் அதே பக்கெட்டோடு வருவார். காவலாளிகள் தடுப்பதில்லை. என் அறை ஜன்னலிலிருந்து அந்த மூலை தெரியும். நான் ஜன்னலைச் சாத்தியதில்லை. பார்த்துக்கொண்டிருந்தேன். நான் ஓய்வுபெறும் வரை பார்த்தேன்.

கல்கத்தாவுக்கு ஒரு கடிதம் எழுதி ஓர் ஆண் கன்று கேட்டிருந்தால் போதும். ஆனால் எங்கள் ஆண் மரம் எப்படிப் போனது என்று எழுத வேண்டியிருக்குமே. நான் எழுதவில்லை. நோய்க்கு மாத்திரை வந்துவிட்டது, எண்ணெய் யாருக்கு வேண்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

இப்போது புனே விஷ்ராந்த்வாடியில் தனியாக இருக்கிறேன். மரம் பூக்கும் நாட்களில் ஒருமுறை தோட்டத்துக்குப் போய்வருவேன். தரை முழுக்க வெளிர்மஞ்சளாகப் பூ உதிர்ந்து கிடக்கும், ஒரு பிஞ்சு இருக்காது. போன ஆண்டும் அதற்கு முந்தைய ஆண்டும் மாலி கண்ணில் படவில்லை. செத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்தபோது கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

இந்தப் பங்குனியில் போனபோது மரத்தடியில் அதே பக்கெட். ஒரு பெண், ஐம்பதை நெருங்குகிறவள், புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். யார் என்று கேட்டேன். மாலியின் மகள். மகர்பட்டாவில் இரண்டு வீட்டில் சமையல் வேலை செய்கிறாளாம், அது முடிந்து வருகிறாளாம்.

"அப்பாவால எழுந்துக்க முடியல அங்கிள். பூ வந்திருக்கும் போ போன்னு ஒரே நச்சரிப்பு. அவரு கையால கெட்ட மரமாம். அவருக்கப்புறம் நான் ஊத்தணுமாம்."

அவள் அதைக் குறையாகச் சொல்லவில்லை. ரேஷனுக்குப் போவதைப்போலச் சொன்னாள். தண்ணீர் ஊற்றும் வேலை அவளுக்கும் இறங்கிவிட்டது என்று எனக்கு உறைத்தபோது அங்கே நிற்க முடியவில்லை. நாளை அப்பாவைப் பார்க்க வரலாமா என்று கேட்டேன். அன்று வீட்டுக்கு வந்து இழுப்பறையைத் திறந்தேன்.

ஏரவாடாவில் அவர்கள் வீடு ஒரே அறை. மாலி கட்டிலில் சுவரோரம் சாய்ந்திருந்தார். கண் சரியாகத் தெரியவில்லை, காது கேட்டது. என் குரலைக் கேட்டதும் எழ முயன்றார். வேண்டாம் என்று தோளைப் பிடித்து உட்கார வைத்தேன். கட்டிலுக்குக் கீழே அந்த பக்கெட் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. சந்துக் குழாயில் தண்ணீர் வந்துவிட்டது என்று வெளியே சத்தம். மகள் குடம், தவலை, டப்பா எல்லாவற்றையும் அள்ளினாள். அந்த பக்கெட்டை மட்டும் தொடவில்லை. எதற்கும் அதை எடுக்கக்கூடாதாம், மரத்துக்கு மட்டும்தானாம்.

நான் தகட்டை அவர் உள்ளங்கையில் வைத்தேன். கட்டைவிரலால் புள்ளிகளைத் தடவினார். எண்ணைப் படித்துவிட்டார். கோட்டையும் இரண்டையும் திரும்பத் திரும்பத் தடவினார்.

"இது எங்க இருந்துச்சி சாப்?"

"நான் வெட்டின மரத்துக்குள்ள. அது ஆண் மரம். நீங்க சொன்னதுதான் சரி. ரெண்டும் ஜோடி. வெட்டின அன்னிக்கே எனக்குத் தெரியும்."

"மருந்து?"

"மருந்துக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. நான் பொய் எழுதினேன். என்னைக் காப்பாத்திக்க உங்க மேல போட்டேன்."

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அழுவார் என்றும். அவர் தகட்டை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். வாசலில் குடத்தோடு நின்ற மகள் எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். எனக்கு வைத்திருந்த டீயை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

"அப்ப நான் ஊத்துன தண்ணி?" என்றார் மாலி.

தீவுக்கும் கல்கத்தாவுக்கும் நடந்ததை அப்படியே எழுதி, கல்கத்தாவிடம் ஆண் கன்று கேட்கிறேன் என்றேன். தோட்டத்துக்கும் எழுதிக் கொடுக்கிறேன் என்றேன். இரண்டையும் மறுவாரமே செய்தேன். தோட்டத்தில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். மற்ற இடங்களிலிருந்து பதில் இன்னும் வரவில்லை. அந்த அறையில் அதைச் சொன்னபோது அவர் காதில் விழுந்ததா என்று தெரியாது. தகட்டைத் திருப்பித் தரவில்லை, நானும் கேட்கவில்லை. காலால் கட்டிலுக்கு அடியில் துழாவி பக்கெட்டை வெளியே தள்ளினார்.

"இந்தாம்மா," என்று மகளைக் கூப்பிட்டார். "கொழாயில தண்ணி நிக்கிறதுக்குள்ள இதையும் எடுத்துக்கினு போ. வீட்டுக்கு ஆவும்."