செம்பருத்தியில் பாகம்

எங்கள் கொல்லையில் பெயின்ட் வாளியில் நிற்கிற செம்பருத்தியில் என் அண்ணனுக்குப் பாகம் கிடையாது. அதைச் சொல்வதற்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் எழுதுவது கோணல்மாணலாக இருக்கலாம். விஷயம் நேரானது. அந்த நிறத்தில் ஒரு செம்பருத்தி இந்தச் சுற்றுவட்டாரத்தில் எந்த நர்சரியிலும் இல்லை. அதை உண்டாக்கியது நான்.

பாபநாசத்துக்கும் கும்பகோணத்துக்கும் நடுவே மெயின் ரோட்டை ஒட்டி எங்கள் வீடு. எனக்கு மோட்டாருக்குச் செப்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிற வேலை. குறுவைக்குத் தண்ணீர் இறைக்கிற காலத்தில் கருகிப்போன மோட்டார்கள் கடை வாசலில் வரிசையாகக் கிடக்கும். அப்பா இறந்த பிறகு வீட்டைப் பிரித்தோம். எங்கள் குடும்ப வழக்கத்தில் மூத்தவன் பிரிக்க வேண்டும், இளையவன் முதலில் எடுக்க வேண்டும். பிரிக்கிறவன் ஓரவஞ்சனை பண்ணாமல் இருக்க அது ஒரு பூட்டு.

அண்ணன் முன்கட்டு, பின்கட்டு என்று பிரித்தார். முன்கட்டில் மொசைக் தரை, ரோட்டைப் பார்த்த வாசல். பின்கட்டில் ஓடு ஒழுகும். நான் பின்கட்டை எடுத்தேன். ரோட்டில் பஸ் வருகிற வேகம் எனக்கு ஆகாது. பிள்ளைகள் அப்போது சின்னவர்கள். முன்வாசலில் குடியிருந்தால் நாள் முழுக்க பிரேக் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டே செத்துவிடுவேன் என்று தெரியும். அவ்வளவுதான் காரணம். கொஞ்ச நாளில் பின்பக்கமாகப் புறவழிச்சாலை வந்தது. கொல்லைக்கு அப்பால் இருந்த வயலெல்லாம் மனையாகி, என் பின்கட்டு முன்கட்டாகிவிட்டது. அன்றோடு அண்ணன் என்னிடம் பேச்சை நிறுத்தினார். என்னிடம்தான் நிறுத்தினார். ஊரிடம் நிறுத்தவில்லை. "ரோடு வர்றது அவனுக்கு முன்னாடியே தெரியும். தெரியாமயா ஒழுகுற வீட்டை எடுத்தான்" என்று டீக்கடை டீக்கடையாகச் சொன்னார்.

இரண்டு கட்டுக்கும் நடுவே ஒரு நடை. அதில் ஒரு கைப்பம்பும் ஒரு நாட்டுச் செம்பருத்தியும். அவற்றை மட்டும் பிரிக்காமல் பொதுவில் விட்டிருந்தோம். அது தப்பு. பொது என்று எதையும் விடக்கூடாது.

எனக்கு இந்தப் பூப் பைத்தியம் பிடித்தது கும்பகோணத்து நர்சரி ஒன்றில். மஞ்சள் செம்பருத்தி, என் உள்ளங்கையைவிடப் பெரிய பூ. வாங்கி வந்தேன். ஐப்பசி அடைமழையில் வேர் அழுகிச் செத்தது. மறு வருஷம் இன்னொன்று. மேகம் இருட்டினால் மோட்டாரை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்து தொட்டியைத் தாழ்வாரத்துக்குத் தூக்குவேன். அதுவும் செத்தது. நர்சரிக்காரர், "நம்ம மண்ணுக்கும் மழைக்கும் இது தாங்காது அண்ணே. மூணாவது ஒண்ணு வாங்குங்க" என்றார். அவர் சொல்கிறபோது எங்கள் நடையில் நாட்டுச் செடி முழங்கால் தண்ணீரில் நின்று பூத்துக்கொண்டிருந்தது. மூன்றாவதை வாங்கினேன், வேறு யோசனையோடு. அதன் ஒரு கிளையை மட்டும் நாட்டுச் செடியில் ஒட்டுக் கட்டிப் பார்த்தேன், மிச்சச் செடியைத் தொட்டியோடு வீட்டுக்குள் வைத்துக் காப்பாற்றினேன். வேர் தாங்கியது. மேலே இருந்த மஞ்சள் கிளை மழையில் கறுத்து உதிர்ந்தது. வேர் மட்டும் நாடாக இருந்தால் போதாது, செடியே புதிதாக வேண்டும் என்று அப்போதுதான் புரிந்தது.

எப்படி என்று போனில் வீடியோ ஒன்றில் ஒருவர் செய்து காட்டினார். செம்பருத்திப் பூவின் நடுவே ஒரு குச்சி நீண்டிருக்கும். அதன் நுனியில் ஐந்து பொட்டு, கீழே மஞ்சளாக மகரந்தத் தூள். நாட்டுப் பூவின் சொந்தத் தூளைக் கிள்ளி எறிந்துவிட்டு, மஞ்சள் பூவின் தூளை அந்த ஐந்து பொட்டிலும் தடவ வேண்டும். பிடித்தால் காய்க்கும். காயில் இருக்கிற விதை முளைத்தால் இரண்டுக்கும் பிறந்த செடி. வெயில் காலத்தில் பிடிக்காது, குளிர் வேண்டும். எங்கள் பக்கம் குளிர் என்றால் மார்கழிதான்.

மார்கழியில் அண்ணி குளித்த ஈரம் காயாமல் பூக்கூடையோடு நடைக்கு வந்து ஒரு பூ விடாமல் பறிப்பார். அவருக்கு முன்னால் எழுந்து, விரிந்தும் விரியாமலும் இருந்த பூக்களில் தூளைத் தடவினேன். தடவிய பூ எது என்று தெரிய, கடையிலிருந்து கொண்டுவந்த மெல்லிய செப்புக் கம்பியைக் காம்பில் சுற்றினேன். காபி குடித்துவிட்டு வந்து பார்த்தால் செடி மொட்டை. கொஞ்ச நேரத்தில் அண்ணி கம்பியோடு வந்தார்.

"தம்பி, சாமி படத்துக்கு வச்ச பூவுல கம்பி இருக்கு. உங்க கடைக் கம்பியா?"

"ஆமாங்க அண்ணி. கம்பி கட்டினதை மட்டும் பறிக்காம விட்டுடுங்க. அது காய்க்கணும்."

"செம்பருத்தி காய்க்குமா? நான் வாக்கப்பட்டு வந்து இத்தனை வருஷத்துல ஒரு காய் பாத்ததில்ல."

"நீங்க பூவை விட்டாத்தானே அண்ணி காய்க்கும்."

"சாமிக்குப் பறிக்கிறதை, என்னமோ ஆட்டுக்குப் பறிச்ச மாதிரி சொல்றீங்க."

மறுநாள் கம்பி கட்டிய பூக்களைத்தான் முதலில் பறித்தார். கம்பிகளை நீட்டி நிமிர்த்தி என் வாசல்படியில் வரிசையாக வைத்திருந்தார்.

ஒரு பூ ஒரு காலை தப்பித்தால் போதும். செம்பருத்தி அன்றே வாடிவிடும், வாடியதை யாரும் பறிக்க மாட்டார்கள். அந்த ஒரு காலையைத் தாண்ட ஒரு வழி கண்டுபிடித்தேன். தூளைத் தடவிய கையோடு ஐந்து இதழையும் பிய்த்துவிட்டேன். மொட்டைப் பூவை எந்தச் சாமிக்கு வைக்க முடியும்? நல்ல யோசனை என்றுதான் நினைத்தேன். நடை முழுக்க இதழ் கிடக்க, மொட்டை மொட்டையாகச் சிவப்புக் குச்சிகள் நீட்டிக்கொண்டு, ஒவ்வொன்றின் காம்பிலும் செம்பு மின்ன, அது பார்வைக்கு எப்படி இருக்கும் என்று எனக்கு உறைக்கவில்லை. செய்வினை வைக்கிறவர்கள் செப்புத் தகட்டில்தான் எழுதிப் புதைப்பார்கள் என்பது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்த வாரம்தான் அண்ணன் மகளுக்கு வந்த வரன் ஒன்று தட்டிப்போயிருந்தது.

அண்ணி என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கைப்பம்பைப் பார்த்துப் பேசினார். "பூவைப் பிச்சு, செம்பைக் கட்டி நிறுத்தியிருக்காங்க. யாரு வீட்டுப் பொண்ணு இப்படி நிக்கணும்னு கட்டுறாங்களோ."

என் மனைவி குடத்தோடு வந்தவள், அவளும் பம்பைப் பார்த்தே சொன்னாள். "கட்டத் தெரிஞ்ச மனுசன் மொதல்ல கரண்ட் பில்லைக் கட்டியிருப்பாரு."

உள்ளே வந்து என்னிடம் வேறு பேச்சு. "ஏங்க, ஒரு பூவுக்கா இத்தனை? பேசாம நாலு மல்லிப் பதியன் வைங்க." எனக்கோ வேறு பயம். வெறும் கம்பிதான், கட்டியது நான்தான், எல்லாம் தெரியும். இருந்தாலும் அந்தப் பெண்ணுக்கு அடுத்த வரனும் தட்டிப்போனால் அது என் தலையில் விடியும். அவளுக்கு நல்ல இடம் அமைய வேண்டும் என்று அவள் அப்பனைவிட அதிகமாக நான்தான் வேண்டிக்கொண்டேன். வேண்டிக்கொண்டே இதழைப் பிய்த்தேன்.

தடவியவை ஒவ்வொன்றாக மஞ்சளாகி உதிர்ந்தன. மேற்குப் பக்கம், சுவரோடு சாய்ந்து கிடந்த ஒரு நோஞ்சான் கிளையில் மட்டும் ஒன்று நின்றது. வெண்டைப் பிஞ்சைப் பாதியில் ஒடித்து வைத்த மாதிரி ஒரு பச்சைக் காய். தொட்டால் விழுந்துவிடுமோ என்று தொடவில்லை. கடையில் உட்கார்ந்திருந்தாலும் கண்ணுக்குள் அதுதான். மத்தியானம் ஏதாவது சாக்குச் சொல்லி வீட்டுக்கு வந்து எட்டிப் பார்ப்பேன்.

நான் எட்டிப் பார்ப்பதை அண்ணி பார்த்துவிட்டார், காயைப் பார்க்கவில்லை. மறுநாள் காலை அண்ணன் அரிவாளோடு நடையில் நின்றார். இத்தனை வருஷம் கழித்து என்னிடம் பேசிய முதல் பேச்சு இது.

"காய்க்காத செடியைக் காய்க்க வைக்கிறியாம். வீட்டுக்கு ஆகாது. வெட்டணும்."

"பொதுச் செடி. உங்க இஷ்டத்துக்கு வெட்ட முடியாதுண்ணே."

"அப்ப பிரிச்சுக்குவோம்."

"செடியையா?"

"வீட்டையே பிரிச்சோம். இதுக்கென்ன, கோர்ட்டு அமீனா வரணுமா?"

செடி தூரிலிருந்தே பல கிளையாகப் பிரிந்து நின்றது. அண்ணன் அரிவாள் நுனியால் தூருக்கு நடுவே மண்ணில் ஒரு கோடு இழுத்தார். "கிழக்கு ஒரு பாகம். மேற்கு ஒரு பாகம். இளையவன்தானே. எடு."

கிழக்குப் பாகம் அடர்ந்து, நுனிக்கு நுனி மொட்டு. மேற்கில் சுவரோரத்துச் சோனிக் கிளைகள். வேறு யாராக இருந்தாலும் கொஞ்சம் தாடையைச் சொறிந்திருப்பார்கள், செடியை ஒரு சுற்று வந்திருப்பார்கள். எனக்கு அதெல்லாம் வராது. எங்கே அவர் மனசு மாறிவிடுமோ என்கிற பயத்தில், அவர் வாய் மூடுவதற்குள் "மேற்கு" என்றேன்.

அண்ணன் என்னைப் பார்க்கவில்லை, அண்ணியைப் பார்த்தார். "பாத்தியா? மறுபடியும் சொத்தையை எடுக்கிறான்." பிறகு என் பக்கம் திரும்பினார். "இங்க என்னடா வரப்போவுது, ஏர்போர்ட்டா?"

நான் கைப்பம்பையே பார்த்துக்கொண்டு நின்றேன். செடியைப் பார்த்தால் கண் காய்ப் பக்கம் போய்விடும்.

"என்னமோ இருக்கு இதுல. சரி, அது உன் பாகம். இது என் பாகம். நான் வச்சுக்குவேன், வெட்டிப் போடுவேன்." சொல்லிவிட்டு வெட்டத் தொடங்கினார். கிளையை வெட்டியதோடு விடவில்லை. கடப்பாரை கொண்டுவந்து கோட்டை ஒட்டி வேரைக் கெல்லினார். பாதிச் செடிக்கு மட்டும் வேர் எது என்று செடிக்கே தெரியாது. என் பக்கத்து வேரும் சேர்ந்து அறுபட்ட சத்தம் கேட்டது. மொட்டோடு கிளைகள் நடையில் விழுந்து கிடந்தபோதுதான் அண்ணிக்கு உறைத்தது.

"ஏங்க, நாளைக்குச் சாமிக்குப் பூ?"

"கடையில வாங்கு."

என் பங்குப் பாதிச் செடி அன்று மாலையே தொங்கிவிட்டது. சாக்கை நனைத்துத் தூரில் போர்த்தினேன். பழைய வேட்டியைக் கட்டி வெயிலை மறைத்தேன். இலையெல்லாம் உதிர்ந்தது. காய் விழவில்லை. செடி சாகிறதா, காய் முற்றுகிறதா, எது முந்தும் என்பதுதான் பாக்கி. அந்த நாட்களில் நான் கம்பி சுற்றிக் கொடுத்த மோட்டார்களில் பாதி திரும்பி வந்தன. காய் பழுப்பேறியபோது, வெடித்து விதை சிதறிவிடுமோ என்று மகளின் பழைய சாக்ஸை மாட்டிவிட்டேன். சாக்ஸுக்குள்ளேயே வெடித்தது. மிளகு மாதிரி, ரோமம் படர்ந்த விதைகள். அவை கைக்கு வந்த பிறகு அந்தச் செடியும் காய்ந்து போயிற்று.

டீ குடிக்கிற காகிதக் கப்புகளில் போட்டேன். சில அழுகின. முளைத்ததில் ஒன்று, தாயைப் போலவே சாதாரணச் சிவப்பாகப் பூத்தது. இன்னொன்று மொட்டு விட்டு மொட்டு விட்டு உதிர்த்தது, பிடுங்கிப் போட்டேன். கடைசியாகப் பூத்தது பெயின்ட் வாளியில் நின்றது. சூளையிலிருந்து அப்போதுதான் எடுத்த செங்கல்லின் நிறம். விளிம்பில் மட்டும் மஞ்சள் ஓடியது. நடுவே கத்தரிக்காய்க் கறுப்பு. அகலத்தில் மஞ்சள் செடியின் பூவுக்குச் சமம். அந்த ஐப்பசியில் வேண்டுமென்றே அதை மழையில் விட்டேன். கொல்லையில் தண்ணீர் வடியாமல் நின்றது, வாளி பாதி முழுகியிருந்தது. எனக்குச் சோறு இறங்கவில்லை. மழை விட்ட காலையில் மூன்று பூ விரிந்திருந்தது.

அதை மாடியிலிருந்து அண்ணன் பார்த்திருக்கிறார். அன்று சாயங்காலம் கொல்லை வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார்.

"அந்தக் காய் எப்படா பிடிச்சது? பிரிக்கிறதுக்கு முன்னாடி. அப்ப செடி பொது. அதுல பிடிச்சதுல எனக்குப் பாதி."

"உங்க பாதியைத்தான் வெட்டிட்டீங்களே."

"வெட்டினது செடியை. இது விதை."

"காய் என் பாகத்துல இருந்துச்சு."

"தெரிஞ்சுதானே எடுத்த?"

ரோடு விஷயத்தில் எனக்கு எதுவும் தெரியாது, கெட்ட பெயர் மட்டும் வந்தது. செடி விஷயத்தில் தெரியும், தெரிந்துதான் எடுத்தேன். ஏற்கெனவே வாங்கிய பெயருக்கு இது சரியாகப் போயிற்று.

"ஒரு குச்சி ஒடிச்சுக் குடு. அது போதும்" என்றார். என்னிடம் அவர் கேட்டு நான் பார்த்ததே இல்லை. குரலில் கேட்கிற மாதிரியும் இல்லை.

"கிடையாது" என்றேன்.

விரல் நீளக் குச்சி போதும், நட்டால் அதே செடி, அதே பூ. வீட்டைப் போல இல்லை இது. கொடுத்தால் எனக்கு ஒரு இலைகூடக் குறையாது. மனைவி அதைத்தான் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். எனக்குத் தெரியாதா என்ன. கொடுக்க மனசு வரவில்லை. எழுதுகிற இன்றுவரை வரவில்லை.

ஆனால் அன்றிலிருந்து நிம்மதி போயிற்று. கவாத்துப் பண்ணிய குச்சி ஒன்று வேலிக்கு அப்பால் விழுந்தாலும் போச்சு. அதனால் வெட்டிய குச்சிகளை எண்ணி எடுத்து வெந்நீர் அடுப்பில் வைக்கிறேன். அடுப்பு எரிகிறபோது அடுத்த கவலை வருகிறது. உலகத்திலேயே ஒரே ஒரு செடி, அதுவும் ஒரு வாளியில். மாவுப்பூச்சி வந்தால் தீர்ந்தது. யாராவது வேரில் ஆசிட் ஊற்றினால் தீர்ந்தது. யாராவது என்று நான் யாரை நினைக்கிறேன் என்று சொல்ல வேண்டியதில்லை.

போன மாதம் இரண்டு குச்சியை ஈரத் துணியில் சுற்றி, மனைவியையும் கூட்டிக்கொண்டு நாகப்பட்டினத்தில் இருக்கிற அவள் தம்பி வீட்டுக்குப் போனேன். அண்ணன் அந்தப் பக்கம் போகிறவர் இல்லை. தம்பி குழி தோண்டிக்கொண்டே கேட்டான்.

"இங்க உப்புக் காத்து மாமா. வருமா?"

"வரும்."

"பூத்துச்சுன்னா தெருவே வந்து குச்சி கேக்கும். என்ன சொல்ல?"

"குடு. யார் கேட்டாலும் குடு" என்றேன். "எங்க ஊர்லேருந்து வந்து கேட்டா மட்டும், செத்துப்போச்சுன்னு சொல்லு."