பொன்முடி யார் பக்கம்

முகம் தெரியாத மனிதர்கள் ஒரு பழைய கம்ப்யூட்டர் ஆட்டத்தைப் பற்றி எழுதிவைத்த அபிப்பிராயங்களை, ஆஸ்பத்திரிக் கட்டிலருகே உட்கார்ந்து என் தம்பிக்கு வாசித்துக்கொண்டிருந்தேன். அவனைப் பேச வைக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை. பக்கவாதம் அவன் வலது பக்கத்தையும் வார்த்தைகளையும் எடுத்துக்கொண்டு போயிருந்தது. வார்த்தை வராததுகூடப் பரவாயில்லை. வரவழைக்க அவன் முயலவே இல்லை, அதுதான் எங்களைக் கொன்றது. பயிற்சி கொடுக்க வரும் பெண் ஒவ்வொரு காலையும் என்னிடம் சொல்லிவிட்டுப் போவாள்: "சேச்சி, சேட்டன் ஒந்நு ஸ்ரமிக்கணும். இப்போ விட்டால் பின்னெ பாடாணு." இப்போது விட்டால் பிறகு கஷ்டமாம். முயற்சி செய்யவேண்டியவனின் முகம் சுவரைப் பார்த்திருக்கும்.

அது ஆள் மாற்றி ஆள் ஆடுகிற ஆட்டம். ஊர் கட்டவேண்டும், படை திரட்டவேண்டும், நகர்த்தி முடித்ததும் பட்டனை அழுத்தி லேப்டாப்பை எதிராளி பக்கம் தள்ளவேண்டும். எதிராளி அசையாதவரை அந்த உலகத்தில் காலம் நகராது. தலைநகரே விழுந்தாலும் கடைசி ஊர் இருக்கும்வரை ஆட்டம் உண்டு. கல்யாணம், உத்தியோகம், வழுக்கை எல்லாம் வந்த பிறகும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் வலியசாலை வீட்டுக் கூடத்தில் நாங்கள் அதை ஆடினோம். தன் ஊர்களுக்கு அவன் இங்கத்துப் பெயர்களையே வைப்பான். தலைநகருக்கு எங்கள் வீட்டருகே உள்ள கடைத்தெருவின் பெயர், சாலை. மலை கிடைத்த இடத்தில் பொன்முடி.

பிறகு அந்த ஆட்டத்துக்கு எக்ஸ்பான்ஷன் என்று ஒரு சேர்க்கை வந்தது. அது ஊர்களுக்கு மனசைக் கொடுத்தது. கவனிக்காமல் விட்டால் ஊர் வாடும், முணுமுணுக்கும், கடைசியில் சண்டையே இல்லாமல் எதிரி பக்கம் போய்விடும். எனக்கு அது பிடித்துப்போயிற்று. அவனுக்கு ஆகவே ஆகாது.

"நான் கட்டின ஊர் என்னை விட்டுட்டுப் போறதாம். இது கேமா, குடும்பக் கோர்ட்டா?"

"நீ கவனிச்சிருந்தா அது ஏண்டா போறது?"

"கவிதை எழுதறவாளுக்கு இதெல்லாம் பிடிக்கும். சரி சரி, நகர்த்து."

எவனாவது அந்த எக்ஸ்பான்ஷனைப் புகழ்ந்து எழுதியிருந்தால் காபி ஆறிப்போகும்வரை திட்டுவான். அந்தத் திட்டுதான் எனக்கு வேண்டியிருந்தது. அதனால் புகழ்ச்சிகளாகப் பொறுக்கி வாசித்தேன். இது இல்லாமல் மூல ஆட்டம் வெறும் எலும்புக்கூடு என்று ஒருவர். தன் ஊர் கைவிட்டுப் போன அன்றுதான் ஆளக் கற்றுக்கொண்டதாக இன்னொருவர். கம்ப்யூட்டர் எதிரி சுத்த முட்டாள், அது நகர்த்தி முடிப்பதற்குள் தாடி வளர்ந்துவிடுகிறது, ஆனாலும் பழையதுக்குத் திரும்பமாட்டேன் என்று ஒருவர். சுவர் கேட்டுக்கொண்டிருந்தது.

"அக்கா, மதி, போதும்," என்றாள் தம்பி மனைவி. "அவருக்குத் தலை வலிக்கறது போல இருக்கு."

"திட்டட்டும்னுதான் வாசிக்கறேன்."

"அதுக்கு நானிருக்கேனே. என்னையே திட்ட மாட்டேங்கறார்." சிரித்தாள். அந்தச் சிரிப்பு பாதியிலேயே உடைந்தது.

மறுநாள் லேப்டாப்பையே எடுத்துப் போனேன். பாதியில் நின்ற எங்கள் ஆட்டம் அதில் இருந்தது. அவன் முறை. இடது கையை எடுத்து அதன்மேல் வைத்தேன். வைத்த இடத்திலேயே கிடந்தது. அவனுக்காக நானே நகர்த்தினேன். என் முறையில் என் படைகளைப் பின்னுக்கு இழுத்தேன், அவன் ஊர்களுக்குத் தானியம் அனுப்பினேன். "பாரு, நீதான் ஜெயிச்சிண்டிருக்கே" என்றேன், குழந்தைக்குச் சொல்வதுபோல.

அவன் திரையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான். பிறகு கண்ணை மூடிக்கொண்டான்.

கேரம்போர்டு காலத்திலிருந்தே எங்களுக்குள் ஒரு சட்டம்: ஒருவர் விட்டுக்கொடுத்தது தெரிந்தால் அந்த ஆட்டம் செல்லாது. காயை எல்லாம் கலைத்துவிடவேண்டியதுதான்.

வராந்தாவுக்குப் போய் நின்றேன். மழை, ஆட்டோக்கள், யாருடைய டிபன் பாத்திரமோ, யாருடைய அழுகையோ. ஏதாவது ஒன்று அவனை அசைக்கட்டும் என்று யாரிடம் கேட்பது என்றே தெரியாமல் கேட்டேன். பிறகு உள்ளே வந்து, நான் விட்டுக்கொடுத்ததை எல்லாம் அழித்துவிட்டுப் பழைய இடத்திலிருந்து திறந்தேன்.

அவன் முறை வந்தபோதெல்லாம் எதுவும் செய்யாமல் பட்டனை மட்டும் அழுத்தினேன். பொன்முடி வாடியது. முணுமுணுத்தது. அதன் கொடி நிறம் மாறியது.

"பொன்முடி என் பக்கம் வந்துடுத்து," என்றேன். "நீ ஒண்ணும் பண்ணலை. அதான் போயிடுத்து."

போர்வைக்குள்ளிருந்து இடது கை வந்தது.

ஒரு விரல் தடுமாறித் தடுமாறி ஊர்ந்தது. சாலையைக் காத்து நின்ற ஒரே குதிரைப்படையை எடுத்துப் பொன்முடிக்கு அனுப்பினான். தலைநகரைத் திறந்துபோட்டு ஒரு மலையூருக்காக ஓடுகிற, புத்தியுள்ள எவனும் செய்யாத நகர்வு. பட்டனை அழுத்தினான். முகம் சுவரிலிருந்து திரும்பியிருந்தது.

என் முறை. என் படை சாலைக்குப் பக்கத்திலேயே நின்றது. தம்பி மனைவிக்கு ஆட்டம் தெரியாது. என் முகத்திலிருந்தே புரிந்துகொண்டாள்.

"அக்கா, இந்த ஒரு தடவை விட்டுடுங்கோ."

விட்டால் அவனுக்குத் தெரிந்துவிடும். விடாவிட்டால் அந்த முகம் சுவருக்கே திரும்பி, அங்கேயே நின்றுவிடலாம். அவன் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சாலையைப் பிடித்தேன்.

முரசுச் சத்தம் கேட்டது. அவன் அரண்மனை என் நிறத்துக்கு மாறியது. அவன் உதடு கோணிற்று. தொண்டையிலிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. திட்டுக்கு வேண்டிய கோபம் முழுக்க அதில் இருந்தது, வார்த்தை மட்டும் இல்லை. இன்னொரு தடவை முயன்றான். நெற்றி நரம்பு புடைத்தது, எச்சில் வழிந்தது, வரவில்லை. தம்பி மனைவி துடைக்கப் போனாள். அவள் கையைத் தட்டிவிட்டு, இடது கையால் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

அவனுடைய குதிரைப்படை இன்னும் பொன்முடி வழியில் ஏறிக்கொண்டிருந்தது.