புல் வெட்டக் கூடாத டிராக்டர்

ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் பல வருடம் டவுன்ஹவுஸில் இருந்துவிட்டு, நியூ ஜெர்சியிலேயே கொஞ்சம் தள்ளி ஒரு பழைய பண்ணை வீடு வாங்கினோம். சுற்றிலும் புல்வெளி. ஜன்னலுக்குத் திரைச்சீலை வாங்கும் முன்பே என் கணவர் ஒரு பழைய சிவப்பு டிராக்டர் வாங்கிவிட்டார். அதில் உட்கார்ந்து புல் வெட்டுவதுதான் அவருடைய வாழ்நாள் கனவாம்.

ஏப்ரலில் அரசாங்க விவசாய அலுவலகத்திலிருந்து ஒரு பெண்மணி வந்தார். எங்கள் புல்லுக்குள் தரையில் கூடு கட்டும் பறவைகள் வரலாம், குஞ்சுகள் பறக்கும்வரை புல்லை வெட்டாமல் விட்டால் அரசாங்கம் பணம் கொடுக்கும் என்றார்.

"வேலை செய்யாம இருக்கறதுக்குப் பணமா? உடனே சைன் பண்ணுங்க," என்றேன்.

என் கணவர் சொத்தை எழுதிக் கொடுப்பவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். அன்றிலிருந்து ஆபீஸ் மீட்டிங் எல்லாம் கொட்டகைக்குள் டிராக்டர் சீட்டில்தான். மடியில் லேப்டாப், கை ஸ்டியரிங்கில்.

"பறவை ஒண்ணும் வராது பாரு. வரலைன்னா அடுத்த வருஷம் இந்தக் கான்ட்ராக்ட் இருக்காது," என்பார் நம்பிக்கையோடு.

மே கடைசியில் அந்தப் பெண்மணி பைனாகுலரோடு மறுபடி வந்தார். காலை முழுக்க நடந்தும் ஒரு பறவையும் கண்ணில் படவில்லை. இவர் சந்தோஷத்தில் அவருக்குத் தானே காபி போட்டுக் கொடுத்துவிட்டு மீட்டிங்குக்குப் போனார்.

கொஞ்ச நேரத்தில் கொட்டகையிலிருந்து இவர் குரல் உரக்கக் கேட்டது. "நோ நோ, என் லைன் இல்ல! வேற யாரோ மியூட் பண்ணல!"

அந்தக் காலத்து மோடம் இன்டர்நெட்டைக் கூப்பிடுகிற மாதிரி ஒரு கிறீச்சு. பெண்மணி காபியை என் கையில் திணித்துவிட்டு ஓடினார். கொட்டகைக்கு எதிரே வேலிக் கம்பத்தில், கறுப்பு உடம்பும் பிடரியில் பருப்புக் கொட்டிக்கொண்டது போல மஞ்சளுமாக ஒரு பறவை கத்திக்கொண்டிருந்தது. புல்லுக்குள் கூடு கட்டும் பாபோலிங்க் இதுதான் என்றார் பெண்மணி. கண்கலங்கிவிட்டார். இவருக்கும் கலங்கியது, வேறு காரணத்தால்.

அது ஒரு ஜோடியையும் சேர்த்துக்கொண்டு கொட்டகை வாசலுக்கு நேரே புல்லுக்குள் கூடு கட்டியது. இனி டிராக்டரை வெளியே எடுக்கக்கூட வழியில்லை. இரண்டு நாள் பறவையை முறைத்தார். மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுப் பூனையைத் துரத்தினார். ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் மட்டையோடு வந்த நண்பர்களிடம், "மெதுவா பேசுங்கடா, உள்ள குழந்தைங்க இருக்கு!" என்று கத்தியதில் பறவையே எழும்பிப் பறந்தது.

ஜூலையில் குஞ்சுகள் பறந்தன. வெட்டலாம் என்று அலுவலகம் சொன்னது. புதுத் தொப்பி போட்டுக்கொண்டு டிராக்டரில் ஏறினார். நான் வீடியோ எடுத்தேன். முதல் வரிசை பாதிகூட முடியவில்லை, தும்மல் ஆரம்பித்தது. கண் இட்லி மாதிரி வீங்கிவிட்டது.

"வெட்டின புல் உங்களுக்கு அலர்ஜி," என்றார் டாக்டர்.

மீதிப் புல்லைப் பக்கத்துப் பண்ணைக்காரர் வெட்டினார். என் கணவர் ஜன்னலை மூடிக்கொண்டு, மூக்கைச் சிந்தியபடி, அந்தப் பெண்மணிக்குப் போன் போட்டார். வருடம் முழுக்க வெட்டாமலே இருக்க ஏதாவது திட்டம் உண்டா என்று கேட்டார்.