மே மாதம் அணைத்த பாய்லர்

ரெஜான் பெல்ஷா என்ற பெயரை ஜெர்மேன் முதன்முதலில் கேட்டது தன் கொழுந்தனாரின் சாவுச் சாப்பாட்டில். தங்கை யோலாந்த் பன்றிக்கறி அடைத்துச் சுட்ட அப்பத்தை வெட்டிக்கொண்டே, "நம்ம செலீன் ஒரு பையனப் பிடிச்சிருக்கா அக்கா. பெல்ஷா வீட்டுப் பையன். பாய்லர் வேலை" என்று தன் மகளைப் பற்றிச் சொன்னாள்.

"எந்த பெல்ஷா? செருப்பு ஆலையில விரலைப் பறிகொடுத்தாரே, அவரு பேரனா? இல்ல மூணு கல்யாணம் பண்ணவரு வகையறாவா?"

விரலைப் பறிகொடுத்தவர் வகையறாதான். லூயிஸ்டன் ஊரில் யாருக்கு யார் என்ன உறவு என்று ஜெர்மேனைக் கேட்டால் போதும், கோயில் ஞானஸ்நானப் பதிவேட்டைத் திறக்க வேண்டாம். அவளுக்குத் தெரியாததெல்லாம் தன் வீட்டு நிலவறையில் என்ன ஓடுகிறது என்பது மட்டும்தான்.

செலீனைக் கட்டிய மறு வருஷம் ரெஜான் தனக்குத் தொழில் கற்றுத்தந்த மாமாவிடமிருந்து பிரிந்து, ஒரு பழைய வேனோடு தனியே தொழிலில் இறங்கினான். முதல் வேலை பெரிய மாமியாரான ஜெர்மேன் வீட்டில். மின்சாரத்தில் சுடும் வெந்நீர்த் தொட்டி துருப்பிடித்து ஒழுகியது. அதைத் தூக்கிவிட்டு, வீட்டைச் சூடாக்கும் எண்ணெய் பாய்லரோடு புதுத் தொட்டி ஒன்றை இணைத்தான்.

"பாய்லர் தண்ணி இந்தச் சுருள் குழாய்க்குள்ள ஓடிட்டு பாய்லருக்கே திரும்பிடும் அத்தை. நீங்க குளிக்கிற தண்ணி சுருளைச் சுத்தி நின்னு சுடும். ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு கலக்காது. இனிமே வெந்நீருக்கும் பாய்லர்தான்."

ஜெர்மேன் தலையை ஆட்டினாள். கண் முழுக்க அவன் பூட்ஸில் ஒட்டியிருந்த சேற்றின் மேல்தான் இருந்தது. அன்று சேற்றைப் பார்த்த நேரத்தில் பாதியாவது காதைக் கொடுத்திருந்தால் ஊர் சிரித்திருக்காது என்று பிற்பாடு அவளே சொல்வாள்.

மே கடைசித் திங்கட்கிழமை, படைவீரர் நினைவு நாளன்று, கல்லறையில் பட்டாளத்துக்காரப் புருஷனுக்குத் தேசியக் கொடி நட்டு, ஜெரேனியம் பூச்செடி வைத்துவிட்டு வந்தாள். வந்த கையோடு நிலவறைப் படியின் உச்சியில் இருக்கும் பாய்லரின் சிவப்பு சுவிட்சை அணைத்தாள். கொடி நட்டால் குளிர் முடிந்தது என்று கணக்கு. அவள் அம்மா அப்படித்தான் செய்தாள், மாமியாரும் அப்படித்தான். அக்டோபர் வரை எண்ணெய் மிச்சம்.

புதன்கிழமை பாத்திரம் கழுவ வெந்நீர்க் குழாயைத் திறந்தால் ஆற்றுத் தண்ணீர் மாதிரி ஜில்லென்று வந்தது.

ஜெர்மேன் தொலைபேசியை எடுத்தாள். ரெஜானுக்கு அல்ல, முதலில் யோலாந்துக்கு. "உன் மருமகன் வேலை ரெண்டு மாசம் தாங்கல!" பிறகு பக்கத்து வீட்டுக்கு. பிறகு கோயிலுக்குப் போய் பாதிரியார் லூசியேவிடம். கோயில் மண்டபத்துக்கும் இதே மாதிரித் தொட்டி போட வேண்டியிருந்தது. அந்த வேலையை ரெஜானுக்குக் கொடுப்பதாக அவர் பாதி வாக்குக் கொடுத்திருந்தார். அது கிடைத்தால்தான் அவன் தனித் தொழிலில் நிற்க முடியும், இல்லாவிட்டால் மாமாவிடமே திரும்ப வேண்டும். அது ஜெர்மேனுக்கும் தெரியும். தெரிந்தும் வாய் நிற்கவில்லை.

"ஞாயித்துக்கிழமை முடிவு சொல்றேன்" என்றார் பாதிரியார். அவர் முகம் போன போக்கு நன்றாக இல்லை.

வெள்ளிக்கிழமை காலை ரெஜான் வீட்டுக்குள் வராமல், தோட்டப் பக்கத்துச் சரிவுக் கதவைத் திறந்து நேரே நிலவறைக்குள் இறங்கினான். ஜெர்மேனும் பின்னாலேயே இறங்கினாள்.

"ஏதாவது தொட்டீங்களா அத்தை?"

"சத்தியமா எதையும் தொடல மாப்ளே!"

அவள் பொய் சொல்லவில்லை. மே மாதம் பாய்லரை அணைப்பது அவள் கணக்கில் தொடுவதே இல்லை. கம்பளிக் கோட்டை மடித்துப் பெட்டியில் வைப்பது போல அதுவும் ஒன்று. அவனும் அவள் சொல்லை நம்பி, சுருளுக்குத் தண்ணீர் தள்ளும் பம்பைக் கழற்றினான், வேறு பம்பு மாட்டினான், ஒயர்ப் பெட்டியை மாற்றினான். மத்தியானம் வரை போராடிவிட்டு, முகமெல்லாம் கரியோடு காபி குடிக்க உள்படி வழியாக ஏறி வந்தான். உச்சிப் படியில் அப்படியே நின்றுவிட்டான்.

"அத்தை... இத யாரு அணைச்சது?"

"நான்தான். கொடி நட்டாச்சே! கோடைக்கு எதுக்கு மாப்ளே பாய்லர்?"

அவன் சுவிட்சைப் போட்டான். கீழே பாய்லர் உறுமியது. ஜெர்மேனின் கை வாய்க்குப் போனது, நான்கு நாள் தாமதமாக.

"முதல்ல சுவிட்சப் பாருடான்னு எங்க மாமா நூறு தடவை சொன்னாரு" என்று ரெஜான் நெற்றியில் அடித்துக்கொண்டான். "நான் மூணு மணி நேரமா நல்லா இருக்குற பம்ப வைத்தியம் பாத்திருக்கேன்."

மறுநாள் சனிக்கிழமை, கோயில் மண்டபத்தில் ஊர் கூடும் பீன்ஸ் விருந்து. நூறு பேர் முன்னால் ஜெர்மேன் கரண்டியால் பானையைத் தட்டினாள். "ரெஜான் வேலைல குறையே இல்ல. குறை என் வேலைல. வெந்நீர் தர்ற பாய்லர நானே அணைச்சிட்டு, வெந்நீர் வரலன்னு ஊரெல்லாம் அழுதேன். நல்லாச் சிரிங்க, நானும் சிரிச்சு முடிச்சிட்டேன்."

"நானும் அணைச்சிட்டேனே ஜெர்மேன்!" என்று பின்வரிசையிலிருந்து ஒருத்தி கத்தினாள். அவள் வீட்டில் தொட்டி போட்டது ரெஜானின் மாமா. மண்டபம் சிரிப்பில் குலுங்கியது.

பாதிரியார் ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்கவில்லை. "மண்டப வேலை உனக்குத்தான் ரெஜான். சுவிட்சுக்கு மட்டும் ஒரு பூட்டுப் போட்டுடு, சாவி ஜெர்மேன் கைக்குப் போகக்கூடாது."

ரெஜானுக்கு இப்போது வயசாகி முழங்கால் போய்விட்டது, நிலவறைப் படி இறங்குவதில்லை. செலீனோடு பக்கத்து ஊரான சபாட்டஸில் இருக்கிறான். அங்கே குழாய்ச் சாமான் கடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வியாபாரம் பார்க்கிறான்.